கழுவினானா, கழுவினேனா

எங்கள் சித்திக்குக் குடும்பத்தில் 'ஒற்றுச் சித்தி' என்று பெயர். பதிப்பகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. ஒரு க், ச் விட்டுப்போயிருந்தால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கல்யாணத்துக்கு முன் சித்தப்பா எழுதிய காதல் கடிதத்தையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவள். அதற்குப் பிறகு அந்த மனிதர் எதையும் வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்.

கொலைக் கதையெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தலை உருளும் அத்தியாயத்தைச் சாப்பிட்டுக்கொண்டே திருத்துவாள். கரப்பான்பூச்சியைக்கூட அடித்திருக்காத ஆசாமிகள்தான் ரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டுகிறார்கள் என்று சிரிப்பாள். அதே பதிப்பகத்தில் பக்கம் அமைக்கும் எனக்குத்தான் சாப்பாடு இறங்காது.

இப்படியிருக்கையில், கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவர்கள் எழுதிய கதைகளை எங்கள் பதிப்பாளர் தொகுப்பாகப் போட முடிவு செய்தார். அந்தக் கட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்றார் சித்தப்பா. காகிதம் எழுந்து வந்து கழுத்தை நெரிக்காது என்று சித்தி அதைச் சாப்பாட்டு மேஜையிலேயே பிரித்தாள். முதல் பக்கத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். எழுதியவர் கொல்லைக்கு ஒரு 'ல்' போட மறந்து, 'வீட்டுக்குப் பின்னால் கொலையில் கோழிகள் மேய்ந்தன' என்று எழுதியிருந்தார்.

நாலாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அதே கதையில் ஒருவன் வீட்டுக்கு நண்பன் வருகிறான். நாற்காலி ஆடுகிறது என்கிறான். வீட்டுக்காரன் காகிதத்தை மடித்து நாற்காலிக் காலுக்கு அடியில் வைக்கிறான், குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறான். அடுத்த வரியில் நண்பன் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அதன் பிறகு அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சித்திக்குக் கவிழ்த்து வைத்த டம்ளரைக் கண்டால் ஆகாது. வீட்டிலிருந்த அத்தனையையும் நிமிர்த்தி வைத்தாள். தூசி விழுகிறது என்று சித்தப்பா முணுமுணுத்தார். அதைவிடப் பெரிய தொல்லை அந்த வரியில் இருந்தது. கதை முழுக்க 'கொடுத்தான்', 'வைத்தான்' என்று போகிறது. அங்கே மட்டும் 'டம்ளரைக் கழுவினேன்'.

பதிப்பாளருக்கு இது ஒரு விஷயமே இல்லை. 'ஏன்' என்பதை 'ஆன்' ஆக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சொன்னார். ஆனால் அதை எழுதியவர் கோர்ட்டில் கடைசிவரை நான் செய்யவில்லை என்றே சாதித்தவர். சித்தி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"திருத்தினா பொய்க்கு நான் துணை போன மாதிரி. விட்டா, பிழை பார்க்கத் தெரியாதவள்னு என்னை ஊர் சிரிக்கும்," என்றாள் என்னிடம். அவள் கைபட்ட புத்தகத்தில் பிழை இருந்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அது.

எழுதியவரையே கேட்டுவிடுவது என்று, பதிப்பாளரை நச்சரித்துச் சிறைக்கு அனுமதி வாங்கினாள். துணைக்கு நான். வாசலில் சிவப்புப் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பல்லைப் பிடுங்கியதுபோல் ஆகிவிட்டாள். முரட்டு மீசையை எதிர்பார்த்துப் போன எங்கள் முன் வந்து உட்கார்ந்தவர், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டிய ஒல்லியான மனிதர். கோழி மேய்ந்த கொலையைச் சித்தி சொன்னதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று பயமாகவும் இருந்தது.

பிறகு சித்தி அந்த வரியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தார்.

"இது தப்பில்லம்மா. மத்ததெல்லாம்தான் தப்பு. எல்லாத்தையும் இதே மாதிரி மாத்திடுங்க," என்றார்.

சித்தி தலையாட்டினாள். கிளம்பும்போது அவர் மறுபடி கூப்பிட்டார்.

"கடைசி வரியை மட்டும் தொடாதீங்க."

கதையின் கடைசி வரி, 'பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அழுதான்' என்பது. அதை மட்டும் ஏன் விடவேண்டும் என்று சித்தி கேட்டாள்.

"நான் அழலம்மா. அது ஒண்ணுதான் கதை."

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல, அத்தனை 'அவன்'களையும் நான் 'நான்' ஆக்கினேன். கடைசி வரியில் கை வைக்கவில்லை.

புத்தகம் வந்தது, நன்றாகவும் விற்றது. கூடவே வாசகர்களின் குட்டும் வந்தது. கதை முழுக்க 'நான்' என்று சொல்லிவிட்டுக் கடைசியில் 'அழுதான்' என்று வருகிறதே, பிழை திருத்துபவர் தூங்கிவிட்டாரா, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டாமா என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். சித்தப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். காதல் கடிதத்துக்கு இப்போதுதான் பழி தீர்ந்தது என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தி கண்ணாலேயே அடக்கினாள்.

"யானைக்கும் அடி சறுக்கும்," என்றாள் சித்தப்பாவிடம். தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவினாள். அதைக் கவிழ்த்து வைத்தாள்.