கொளஞ்சியின் முதல் கியர்

முதல் கியரைப் போட்டு, கிளட்சை முழுதாக விட்டபிறகு, கொளஞ்சி இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துவிடுகிறார். செருப்பு முன்பே கழன்று இருக்கைக்கு அடியில் போயிருக்கும். வெறுங்கால்கள் சும்மா கிடக்கின்றன. பூச்சரம் தொங்கும் வண்டி தானாகப் போகிறது. முன்னால் மேளம், பின்னால் சனம், நடுவில் சவம்.

வலப்பக்கக் கண்ணாடியைத் தரையைப் பார்க்கும்படி சாய்த்து வைத்திருக்கிறார். அதில் சாலை தெரியாது. பின்னால் நடந்து வருகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும்.

"மொகத்த பாத்து என்னா பாப்பா தெரியும்? அழுவுற மொகம் எல்லாம் ஒண்ணுதான். எவன் தெம்பா இருக்கான், எவ வுழப்போறான்னு காலுதான் சொல்லும்" என்றார் ஒருமுறை என்னிடம்.

எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனை வரைதான் சவத்தோடு போவார்கள். அவர்கள் திரும்பியதும் அவருடைய கை வெளியே நீண்டு கண்ணாடியை மேலே திருப்பும். அதற்குப் பிறகுதான் இரண்டாம் கியர்.

முத்தியால்பேட்டை வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் இறுதி ஊர்தி இது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தாவிடம் வாங்கிய பழைய பெட்ரோல் வேன். கொளஞ்சி அதற்கு முன் மில்லுக்குப் பஞ்சு லாரி ஓட்டியவர். ஐம்பதைத் தொட்டிருப்பார். துக்க வீட்டுத் தெருவில் ஹாரன் அடிப்பதில்லை. சவம் ஏறியபின் ரிவர்ஸ் போடுவதில்லை. அதனால் சவம் ஏறும் முன்பே போகும் வழி முழுக்க நடந்து பார்த்துவிட்டு வருவார். ஏறிய பிறகு இருக்கையை விட்டு இறங்குவதும் கிடையாது. "ஏத்துனவன் எறக்குற வரைக்கும் எடத்த விட்டு அசையக் கூடாது" என்பது அவர் சட்டம்.

மேளக்காரர் வேம்புவுக்கு இவரைச் சீண்டாமல் பொழுது போகாது. "இன்னாண்ண, இந்த வேகத்துல போனா பொணமே எழுந்து நடந்து போயிடும் போலருக்குதே."

"போவட்டுமே. எனக்குப் பெட்ரோல் மிச்சம்."

போன மார்கழியில் என் அப்பாவை அவர் ஏற்றிச் சென்றார். நான் இயந்திர வரைபடம் வரைகிற வேலையில் இருப்பவள். பின்னால் நடந்தபோதே ஒன்று உறுத்தியது: இஞ்சின் சத்தத்துக்கும் வண்டியின் நடைக்கும் பொருந்தவில்லை. மாசியில் ஒரு நாள் வண்டிக் கொட்டகைக்குப் போய் அடியில் குனிந்து பார்த்தேன். கொளஞ்சிக்கு அது வேடிக்கையாக இருந்தது. பக்கத்தில் குந்திக்கொண்டு கதை சொன்னார்.

இந்த மாதிரி வேன், ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும், முதல் கியரில் ஓர் ஆள் வீசி நடக்கும் வேகத்தில் போகும். சவ ஊர்வலம் அதில் பாதிதான். ஆகவே ஆரம்பத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டியிருக்கிறார். வண்டி குலுங்கியது. பின்கம்பியைப் பிடித்து வந்த ஒரு கிழவர் விழுந்தார். ஊதுவத்தி மணத்தையும் மீறிக் கிளட்சு தீய்ந்து நாறியது. "சுடுகாடு வர்றதுக்குள்ளயே எரிக்கிறியாய்யா?" என்று யாரோ கேட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை.

"தேர பாரு, எம்மாம் பெரிய சக்கரம். அதான் ஆடி அசைஞ்சி போவுதுன்னு நெனச்சேன். பெரிய டயரா தேடிப் புடிச்சி மாட்டுனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, சனம்லாம் ஓட்டமா ஓடியாந்துச்சி. அன்னிக்குப் பொணம் முன்னாடியே போயி இவுங்களுக்காகக் காத்துக்கினு கெடந்துச்சி."

இழுப்பது மனிதர்கள் என்பதால் தேர் மெதுவாகப் போகிறது. வண்டியில் கணக்கு வேறு. சக்கரம் ஒரு சுற்றில் தன் சுற்றளவைக் கடக்கும். இஞ்சின் அதே வேகத்தில் ஓடும்போது பெரிய டயர் அதிக தூரம் போகும். அடுத்த முறை அவர் சின்ன டயர் மாட்டினார். அதுவும் போதவில்லை. பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர இணையைப் பட்டறையில் 'கிரவுன்' என்பார்கள். ஒரு பழைய லாரியின் கிரவுனை வெட்டி ஒட்டிப் பொருத்தச் செய்தார். சக்கரம் ஒருமுறை சுற்ற, இஞ்சின் முன்னைவிட அதிகமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. வண்டி நடைக்கு வந்தது.

அதற்கு விலை உண்டு. எவ்வளவு மிதித்தாலும் இப்போது முப்பதைத் தாண்டாது. மீட்டருக்கோ இது தெரியாது. அதன் கம்பி கியர்பெட்டியிலிருந்து வருகிறது. அதற்குப் பின்னால் நடந்த மாற்றங்கள் அதன் கணக்கில் இல்லை. வண்டி முப்பதில் போகும்போது முள் ஐம்பதைக் காட்டும். முன்னால் உட்கார்ந்து வந்த, இறந்தவரின் மாமனார் ஒருவர் முள்ளைப் பார்த்துவிட்டு "மெதுவாப் போய்யா" என்று கத்தியிருக்கிறார். கொளஞ்சி வேகத்தைக் குறைக்க, ஒரு பால்காரர் சைக்கிளில் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறார். மீட்டர்மேல் இப்போது கொளஞ்சியப்பர் சாமி படம் ஒட்டியிருக்கிறது.

அப்பா பெயர் வடிவேல். மில்லில் நெசவுப் பிரிவு. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வரவே மதியம் தாண்டிவிட்டது. என் தம்பி இராமதாஸ் நெய்வேலியிலிருந்து வந்து, சடங்கு முடிந்து, எடுக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. பொழுது இறங்குவதற்குள் கருவடிக்குப்பம் சுடுகாட்டில் கொள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். ஆனால் தெருவில் நின்றபோது அது நடக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் வீக்கம். வீட்டுக்குள் நடப்பதே சுவரைப் பிடித்துத்தான். தெருமுனை வரை வருவேன் என்றாள்.

"வாசலோட நின்னுக்குங்க அண்ணி" என்றார் சித்தப்பா கிருஷ்ணசாமி. "இந்த வண்டிய பத்தித் தெரியாதா? இங்க விட்ட நேரத்த ரோட்டுல புடிக்க முடியாது."

"மில்லு சங்கு ஊதுனா எழுந்து ஓடுவாரு. என்னிக்கு எங்கூட நடந்தாரு? இன்னிக்கு நடக்கட்டும்."

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி கொள்ளிச்சட்டியோடும் மற்ற ஆண்கள் மேளத்தோடும் முன்னால் போனார்கள். வண்டி நகர்ந்தது. கொளஞ்சி பாடுபட்டுத் தேடிய முதல் கியரும் அம்மாவுக்கு வேகமாக இருந்தது. பெண்கள் யாரும் அவளைத் தாண்டவில்லை. அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் தெரு காலியானது. அந்தக் கண்ணாடியில் வெறும் மண் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டி நின்றது. இஞ்சினும் நின்றது. கதவைத் திறந்து கொளஞ்சி கீழே இறங்கினார்.

சித்தப்பா ஓடினார். "யோவ், இன்னாய்யா, வண்டி படுத்துக்கிச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது. அந்தம்மா காலுக்கு எங்கிட்ட கியர் இல்ல." பிறகு ஆண்களைப் பார்த்து, "வாங்கப்பா, கை குடுங்க. அவங்க கால் வெச்சா தள்ளணும், நின்னா புடிக்கணும்."

"பொழுது போவுதுய்யா!"

"போவட்டும். இந்தத் தெரு ஒண்ணுதான அவங்களுக்கு."

சித்தப்பா அவரை முறைத்தார். மேற்கே பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். வேம்பு மேளத்தை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். கொளஞ்சி சன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வெறுங்காலில், தலையைப் பின்னால் திருப்பியபடியே நடந்தார். அம்மா ஓர் அடி வைத்தாள். அப்பா ஓர் அடி போனார். அம்மா மூச்சு வாங்க நின்றாள். அப்பா நின்றார். தெரு முழுக்க டயர்கள் மண்ணில் நெரியும் சத்தம் மட்டும்தான்.

தெருமுனையில் அம்மா வண்டியின் பின்கம்பியைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள். கொளஞ்சி ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் பிடித்தது. அவருடைய கை வெளியே நீண்டு கண்ணாடியின் விளிம்பைப் பற்றியது. "கெளம்புய்யா" என்று நாலு பேர் கத்தினார்கள். அந்தக் கை அசையவில்லை. அம்மா திரும்பினாள். வீட்டைப் பார்த்து முதல் அடியை வைத்தாள். அப்போதுதான் அந்தக் கை கண்ணாடியை மேலே திருப்பியது.