இல்லாத கட்டைவிரல்

ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண் முழங்காலில் தைலம் தேய்த்தாள். அந்த வாசனையில், நான் வளர்ந்த ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு கண்முன் வந்துவிட்டது.

சுரங்கத்தில் பாறை சரிந்து நைனாவின் இடது கால் முழங்காலோடு போயிற்று. ஆனாலும் அந்தக் காலின் கட்டைவிரல் வலிக்கிறது என்று துடிப்பார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கையில் தைலத்தை ஊற்றிக்கொண்டு, கால் இருந்திருக்க வேண்டிய வெறும் பாயைத் தேய்ப்பாள்.

"இங்கியா?"

"இன்னும் கீழ... ஆங், அங்கதான்."

அவர் முகம் தெளியும். பிள்ளைகள் நாங்கள் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போவோம்.

அம்மா இறந்த பிறகு அவர் வலியென்று சொன்னதே இல்லை.

"இப்ப வலிக்கறதில்லியா நைனா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வலிக்குதும்மா. உங்கம்மாவுக்குத்தான் எடம் தெரியும்."

நான் பாயில் உட்கார்ந்தேன். சற்றுத் தயங்கி, என் கையைப் பிடித்து அந்த வெறும் இடத்தில் வைத்தார்.