திரும்பி வந்ததற்கு ஒரு துண்டு

ஏணியைத் தரையில் படுக்கவைத்து, அதன் ஒரு முனையில் நாய்க்குட்டியை நிறுத்திவிட்டு, மறுமுனைக்கு நொண்டி நொண்டிப் போய் நின்றுகொள்கிறார். காலை ஆறேகால் மணி. மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வருகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போகப் பழகிவிட்டார்கள். குட்டி முன்னங்கால்களை மட்டும் கவனமாகப் படிகளுக்கு இடையில் வைக்கிறது. பின்னங்கால்கள் என்று இரண்டு தனக்கு இருப்பதே அதற்கு இன்னும் சரியாகத் தெரியாது. அவை இடறியதும், யாரோ தடுக்கிவிட்டதுபோலத் திரும்பி முறைக்கிறது.

“யாரும் தள்ளல வாலு. அது உன் காலுதான். நல்லாப் பாத்துக்கோ, மொத்தம் நாலு இருக்கு” என்கிறார் அவர்.

வாலு என்பதுதான் குட்டியின் பெயர். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தானாக ஒட்டிக்கொண்டது. தவிட்டு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் இருக்கும். அவரைக் கட்டடத்தில் எல்லோரும் பல்செட்காரர் என்கிறோம். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

தொழில் அதுதான். பல் மருத்துவமனையின் பின்னறையில் அவருக்கு ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, மெழுகுத் தகடுகள், பாலிஷ் போடும் மோட்டார். டாக்டர் முன்னறையில் நோயாளியின் வாய்க்கு அச்சு எடுத்து உள்ளே அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, தாடை வார்த்து, பல் அடுக்கி வெளியே அனுப்புவார். முப்பத்திரண்டு வருடமாக இந்த ஊரில் பாதிப் பேர் இவர் புண்ணியத்தில் மென்று தின்கிறார்கள். ஒருவருக்கும் இவர் முகம் தெரியாது. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் எதிரே நின்ற அம்மாள் வாய்விட்டுச் சிரிக்க, மேல்செட் தன் கைவேலைதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம்.

“போய்ப் பேசினீங்களா சார்?” என்று கேட்டேன்.

“என்னன்னு பேசறது? எங்க, வாயத் திறங்க பாப்போம்னா? அவங்க வீட்டுக்காரர் பக்கத்துல நிக்கறாரு!”

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். சிரிக்க வைக்கத் தெரிந்த மனிதர்தான். கேட்கத்தான் ஆள் இல்லை.

மனைவி மகளின் பிரசவத்துக்குப் போனார். மூன்று மாதம் என்று சொல்லி, ஒரு பெட்டியோடு போனவர். குழந்தைக்கு இப்போது மூன்று வயது. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. தினமும் மாலையில் போன் வரும். “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” இரண்டும் ஆனபிறகு பேத்தியின் முகம் திரையில் வரும். பேத்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஓடிவிடுவாள். ஏணிப் பயிற்சியை ஒரு நாள் போனில் காட்டினாராம். “நல்லாருக்கே! சரிங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று மனைவி போனை வைத்துவிட்டார்.

“போயிட்டு வான்னுதான் அனுப்பினேன். பாதி கேட்டுக்கிட்டா” என்றார் என்னிடம்.

வாலு வந்த கதை இப்படி. மருத்துவமனையின் ஜெனரேட்டர் கொட்டகையில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டது. வரவேற்பறைப் பெண் நான்குக்கு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டாள். ஐந்தாவதை “ஒரே ஒரு நாள் வச்சிக்கிறேன்” என்று இவர் வாங்கிக்கொண்டார். மறுநாளே வேலைக்குக் கூட்டிப்போய் மேசைக்கடியில் விட்டார். அது ஒரு நோயாளியின் பிளாஸ்டர் தாடையைக் கடித்துக் குதறிவைக்க, அந்த ஆள் இன்னொரு முறை வந்து வாயைப் பிளந்து அச்சு கொடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பழக்கிக் கூட்டிவந்தால் வரட்டும், இல்லையென்றால் வேண்டாம். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை நாய் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கே போகச் சொன்னவன் நான். என் நாய் அந்த வகுப்பில் இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தது.

வகுப்பு நடப்பது ஒரு பழைய லாரி ஷெட்டை ஒட்டிய மைதானத்தில். நடத்துகிறவர் ஒரு அம்மாள். எல்லோருக்கும் மேடம். குட்டிகளை உயரம் தாண்ட விடமாட்டார். எலும்பு முற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை கம்பு தரையில்தான் கிடக்க வேண்டும் என்பார். தரையில் கிடக்கும் கம்பை மிதிக்காமல் கடப்பது, துணிக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வருவது, ஆடும் பலகைமேல் பயப்படாமல் நிற்பது, கூப்பிட்டால் வருவது. எல்லாவற்றிலும் வாலு முதல். ஜெனரேட்டர் கொட்டகையில் பிறந்த குட்டி அது. எந்தச் சத்தத்துக்கும் அசையாது. “வா” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மைதானத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்து அவர் உள்ளங்கையில் மூக்கை முட்டும். என் நாய் அந்த நேரத்தில் படுத்திருக்கும்.

அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, அவரை விட்டு முன்னால் ஓடுவது.

அடுத்த வகுப்புக்குப் போக, கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தேர்வில் நாயோடு கூடவே ஆளும் ஓட வேண்டும். அவருக்கு முழங்கால் முழங்காலாக இல்லை. ஓட முடியாதவர் கோட்டுக்குப் பின்னால் நின்று கை காட்டலாம், ஆனால் நாய் தனியாகப் போக வேண்டும். போகாவிட்டால் வேறு யாராவது ஓட்டவேண்டியதுதான். வகுப்பில் ஒரு கல்லூரிப் பெண் இருக்கிறாள், மான்குட்டி மாதிரி ஓடுவாள். “அங்கிள், சண்டேல வாலுவ நான் ஓட்டறேன். நீங்க ஜாலியா பெஞ்சுல உக்காந்து பாருங்க” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அவர் அந்தப் பெஞ்சை ஒருமுறை பார்த்தார்.

குட்டி முன்னால் ஓடாத காரணத்தை மேடம்தான் கண்டுபிடித்தார். எல்லையில் ஒரு நீல பிளாஸ்டிக் மூடியை வைத்து, அதில் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தார். நாய் போய் அதைத் தின்ன வேண்டும். அவ்வளவுதான் பாடம். வாலு போகும், தின்னும், திரும்பி அவரிடம் ஓடிவரும். ஓடிவந்ததும் இவர் தன் பையிலிருந்து இரண்டு துண்டு எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். மூடியில் ஒன்று, கையில் இரண்டு. குட்டி கணக்கில் கெட்டி. நாளடைவில் மூடிவரை போவதையே விட்டுவிட்டது. பாதி தூரம் போய், கடமைக்கு ஒரு வட்டம் அடித்து, கையைத் தேடி வந்துவிடும்.

“சார், எதுக்கு இப்ப குடுத்தீங்க?” என்றார் மேடம்.

“திரும்பி வந்துச்சே மேடம்.”

“போறதுக்குத்தான் சார் குடுக்கணும். வந்ததுக்கு எதுக்கு?”

“வந்ததுக்கு ஒண்ணுமே குடுக்கலன்னா எப்படி? அது மனசு என்ன பாடுபடும்?”

மேடம் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். “நாய் நம்ம வாயப் பாத்து ஓடறதில்ல சார். நம்ம தோள் எந்தப் பக்கம், கண்ணு எந்தப் பக்கம், அதத்தான் பாக்குது. நீங்க குட்டியையே பாத்துக்கிட்டு நின்னா அது உங்களத்தான் பாக்கும். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. கையால ஒரு துண்டு குடுக்கக் கூடாது. எல்லாம் மூடியிலதான்.”

அந்த வாரம் ஒரு மாலை மொட்டை மாடியில் அவரைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் பேன்ட் பையில் விட்டுக்கொண்டு நின்றிருந்தார். குட்டி பையின் துணிமேல் மூக்கால் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தது.

“கஷ்டமா இருக்கா சார்?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“என்னமோ போங்க” என்றார். “நாள் பூரா ஊரான் வாயிக்குத்தான் இந்தக் கை வேலை செய்யுது. ஒருத்தரும் இதத் தொடறதில்ல சார். பஸ்சுல கண்டக்டர் சில்லறை குடுக்கும்போது படுமே, அதோட சரி. இது வந்து மூக்க வச்சி முட்டும் பாருங்க, ஈரமா, சில்லுனு... அதுக்காகத்தான் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டேன். தப்பு அது மேல இல்ல.”

நான் தினமும் என் வீட்டில் நான்கு பேர் கூச்சலுக்கு நடுவே காப்பி குடிக்கிறவன். அன்று அவர்முன் நிற்கவே வெட்கமாக இருந்தது. ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன். இறங்கும்போது மூடி தரையில் உரசும் சத்தம் கேட்டது. மறுபடி தொடங்கிவிட்டார்.

பன்னிரண்டு நாள், காலையும் மாலையும். முதலில் மூடி மூன்றடி தூரத்தில், பிறகு ஐந்தடி, பிறகு தண்ணீர்த் தொட்டி வரை. கடைசி நாளிலும் வாலு, மாடியில் பழைய போர்வையால் அவர் செய்துவைத்த குழாயைக் கடந்ததும் ஒருமுறை நின்று அவர் முகத்தைப் பார்த்தது. அவர் முகம் அப்படி. யார் பார்த்தாலும் ‘வா’ என்றுதான் அதில் எழுதியிருக்கும். குட்டி அதைப் படித்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தரையில் மூன்று கம்பு, அப்புறம் குழாய், அதற்கப்பால் எட்டடியில் நீல மூடி. கோட்டுக்குப் பின்னால் அவர் நின்றார். வெளுத்த சட்டை, நெற்றியில் வியர்வை. கல்லூரிப் பெண் தன் நாயை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேடம் தலையசைத்ததும் இவர் வலது கையை மூடிப் பக்கம் நீட்டினார்.

“போ” என்றார்.

வாலு ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கம்பிலும் கால் படவில்லை. குழாய்க்குள் நுழைந்தது. துணி உப்பி உப்பி அந்தப் பக்கம் நகர்ந்தது. வெளியே வந்தது. நின்றது. தலையைத் திருப்பி அவரைத் தேடியது.

அவருடைய உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. நீட்டிய கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

குட்டி இன்னும் ஒரு கணம் நின்றது. அந்த முகத்தில் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கை காட்டிய பக்கம் திரும்பி, மூடியை நோக்கிப் பாய்ந்தது.

எல்லோரும் கைதட்டினோம். கல்லூரிப் பெண் ஓவென்று கத்தினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

“திரும்பிப் பாக்குதா?” என்று கேட்டார், கண்ணை மூடியபடியே.

பார்த்தேன். வாலு இரண்டு முன்னங்கால்களாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நக்கிக்கொண்டிருந்தது.

“இல்ல சார்” என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினார். நீட்டிய கையை மட்டும் இறக்கவில்லை.