மிதியில் தேடிய வலி

கோயில் இட்லிமேல் பழி போட்டது நான்தான். அன்று காலை பிரசாதமாக வந்தது; மிளகும் சுக்கும் மணக்க நாலு துண்டு தின்றேன். சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி. எங்கள் தெருவில் வயிறு வலித்தால் முதலில் வாயு, அப்புறம் சூடு, அப்புறம் கண் பட்டது. டாக்டர் நாலாவதுதான். நானும் வரிசைப்படி ஓமத் தண்ணீர் குடித்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினேன், மிளகாய் சுற்றிப் போட்டேன். குடித்த ஓமம் வாந்தியாக வெளியே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்கிற உடம்பு, அதைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று கத்தினேன். கத்தியதில் வயிறு சுரீரென்று இழுத்தது. அதற்கும் அவளையே திட்டினேன்.

மறுநாள் காலை வலி வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. இறங்குகிறது என்றால் கிளம்பப் போகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, தறிக்குழிக்குள் காலை விட்டேன். எங்களுடையது கோர்வைச் சேலை. நடு உடலுக்கு நான் நூல்கண்டு வைத்த நாடாவை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு அவள் ஓட்டுவாள். இருவரும் சேர்ந்து போனால்தான் சேலை நகரும். அன்று என் வலது கால், குழிக்குள் அழுத்தி நெய்கிற மிதிக்கு வரமாட்டேன் என்றது. தூக்கினால் அடிவயிற்றில் குத்தியது. வேறு யாராவது என்றால் வயிற்றைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் நெசவுக்காரன், மிதியைச் சந்தேகப்பட்டேன். கயிறு இறுகிவிட்டது என்று குழிக்குள் குனிந்து, முனகிக்கொண்டே அவிழ்த்து, தளர்த்திக் கட்டினேன். ஒழுங்காக இருந்த மிதி அதோடு கெட்டது.

மத்தியானம் திடீரென்று வலி நின்றுபோனது. மிதியைச் சரிசெய்ததால்தான் என்று அவளிடம் பெருமையடித்தேன். பசி வேறு எடுப்பது போலிருந்தது. இட்லி மீதி இருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. வயிற்றைத் தொட்டாள். பலகை போல இருந்தது.

"மிதி சரியாப் போச்சுன்னா உனுக்கு இன்னாத்துக்கு ஜுரம் அடிக்குது? எழுந்திரு. ஆட்டோ கூப்டுக்கினு வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றே கூப்பிட்டவள். உடனே எழுந்தேன். எங்கள் செவிலிமேட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரு பள்ளத்தையும் ஆட்டோக்காரர் விடவில்லை. நின்றுபோன வலி பள்ளத்துக்குப் பள்ளம் திரும்பி வந்தது.

குடல்வால் வெடித்துவிட்டது, உள்ளே சீழ் பரவுகிறது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலியோடு வாந்தியும் ஜுரமும் இருந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டுமாம். வலி சட்டென்று நின்றால் சில சமயம் அது குணமானதல்ல, உள்ளே வெடித்ததாக இருக்கலாமாம். காலைத் தூக்க முடியாதபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மிதிக்கயிற்றைத் தளர்த்தினேன் என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனைவி கேட்டாள். கையெழுத்துப் போடச் சொல்லி டாக்டர் அவளிடம் தாளை நீட்டினார். ஒரு இழை பிசகாமல் கரை போடுகிறவள், கோட்டைத் தாண்டிக் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள். அப்போதுதான் என் வீராப்பெல்லாம் போனது.

"பயமா இருக்குதுமா" என்றேன்.

"எனுக்கு நேத்துலேர்ந்து இருக்குது" என்றாள்.