புஷ்பலதா அக்கா காய்ச்சிய பால்

சிம்பாங் பூலாய் பக்கத்தில் விடியற்காலையில் மலை தெரியாது. பனிதான் தெரியும். வெயில் ஏறிய பிறகு, யாரோ வெள்ளைத் துணியை மெதுவாக இழுப்பது போல, சுண்ணாம்புக்கல் மலைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்தப் பனிக்குள் எங்கள் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மட்டும் ஒரு விளக்கு எரியும். கிட்டே போனால் தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் மணக்கும். புஷ்பலதா அக்கா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் அதே பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவள். துடைப்பத்தை எடுக்கும் முன் அக்காவிடம் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் என் வேலை தொடங்கும். அக்காவைப் பற்றி எழுதும்படி யாரும் கேட்கவில்லை. நல்ல மனுஷியைப் பற்றி நாலு பேர் தெரிந்துகொண்டால் புண்ணியம் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். பிறகு கல்மலை லோரி ஓட்டும் சீனி அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே தங்கிவிட்டார். ஒரே மகன் யுகேந்திரன். அவன் ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் அக்காவுக்குக் கனவு அதிகமாக வரத் தொடங்கியது. கனவென்றால் சாதாரணக் கனவு இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூட மணி மாம்பழமாகப் பழுத்துத் தொங்கும். ஒரு நாள் சீனி அண்ணன் லோரியில் கல்லுக்குப் பதில் மல்லிகைப்பூவாக ஏற்றிக்கொண்டு போவார்.

இந்தக் கனவுகளைக் கேட்க ஓர் ஆள் இருந்தாள். மூன்றாம் ஆண்டு வகுப்பு ரஸ்னா. எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரே முஸ்லிம் பிள்ளை. அவளுடைய அத்தா ஷரபுதீன் அண்ணன் முச்சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் வழியில் வெள்ளென அவளை இறக்கிவிட்டுப் போவார். அவள் நேராக அடுப்படிப் பெஞ்சில் வந்து உட்காருவாள்.

"ஆண்டி, இன்னைக்கு என்ன கனவு?"

அக்கா தேங்காய் பிழிந்துகொண்டே சொல்வார். ரஸ்னா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி பலன் சொல்வாள். மல்லிகைப்பூ லோரிக்கு அவள் சொன்ன பலன், "அங்கிள் ரொம்ப நாளா குளிக்கல ஆண்டி." அன்று அக்கா சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த மிளகாய்ச் சம்பல் அடிபிடித்துவிட்டது.

இந்த ரஸ்னா பள்ளியை விட்டுப் போய்விடுவாளோ என்ற பேச்சு நோன்பு மாதம் தொடங்கும்போதே வந்தது. ஒரு காலையில் ஷரபுதீன் அண்ணன் துளசி டீச்சரிடம் சொன்னதை நானும் அக்காவும் கேட்டோம்.

"சொந்தக்காரவங்க எல்லாம் ஏசுறாங்க டீச்சர். ஒத்தப் புள்ளையை அங்க போட்டு வச்சிருக்கியேன்னு. மலாய் ஸ்கூல்னா எல்லாப் புள்ளையும் நோன்பு பிடிக்கும், இவளுக்கும் லேசா இருக்கும். போன வருசம் வரைக்கும் அரை நோன்பு. இந்த வருசம் முழுசாப் பிடிக்கணும்னு நிக்கிறா. இங்க சமாளிச்சான்னா இருக்கட்டும். இல்லைன்னா பெருநாள் கழிச்சு மாத்திடலாம்லா."

 அன்று அக்காவின் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் உப்பு கூடிவிட்டது.

அந்த வாரம் பள்ளியில் அன்பு வாரம். துளசி டீச்சர் கொண்டுவந்த பழக்கம் அது. ஒவ்வொரு வகுப்பும் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கு ஒரு நல்லது செய்யவேண்டும். யார் செய்தார்கள் என்பது அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் காவலாளியின் நாற்காலியில் தினமும் ஒரு செம்பருத்திப் பூவை வைத்தார்கள். அவர் அதைக் காற்று கொண்டுவந்து போடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் ஆண்டுக்காரர்கள் என் துடைப்பத்துக்குப் புதுக் கயிறு கட்டிவைத்தார்கள். எனக்குத் தெரியாதது மாதிரியே இருந்துவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு என்ன செய்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓய்வு நேரம் முடியப் போகும்போது அக்கா நாசி லெமாக் தட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மங்களம், மூணாம் ஆண்டுப் புள்ளைங்க ஒண்ணுகூட வரலியே. நேத்தும் வரல. என் சம்பல் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

இருவரும் போய்ப் பார்த்தோம். திடலோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரஸ்னா அங்கே இல்லை. ஓய்வு நேரத்தில் டீச்சர் அவளை நூலகத்தில் இருக்கச் சொல்லியிருந்தார். பிள்ளைகளின் முகமெல்லாம் வாடிய கீரை. ஷர்வின் மட்டும் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வகுப்பிலேயே நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை அவன்தான்.

"ஏண்டா தம்பி, ஏன் சாப்பிடல?"

"சொல்லக்கூடாது ஆண்டி."

"எங்கிட்டயுமா?"

ஷர்வின் தாங்கவில்லை. "நாங்க எல்லாரும் புவாசா ஆண்டி, நோன்பு! ரஸ்னா தனியா பசியோட இருக்காள்ல, அதான். அவளுக்குத் தெரியக்கூடாது. அன்பு வாரம்."

"டேய் ஓட்டை வாயா!" என்று பக்கத்திலிருந்த தினேஸ்வரி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவள்தான் ரஸ்னாவின் சிநேகிதி. இந்த யோசனையும் அவளுடையதுதான் என்று அவள் கண்ணே சொன்னது.

 அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டது. ஓய்வு நேரம் முடிந்ததும் வெயிலில் அணிவகுப்புப் பயிற்சி. வெறும் வயிற்றோடு இந்தக் குருவிகள் எப்படி நடக்கும்? டீச்சரிடம் சொன்னால் பிள்ளைகளின் இரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் ஏதாவது ஒன்று மயங்கி விழும். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிற அக்காவுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது.

"இங்க பாருங்க செல்லங்களா. விரதம்னா எல்லாரும் ஒண்ணுமே சாப்பிடாம இருக்கறது இல்ல. பாலும் பழமும் சாப்பிடலாம். விரதம் கெடாது. நான் சஷ்டிக்கு அப்படித்தான் இருக்கேன்."

"நெசமாவா ஆண்டி? சாமி கோவிச்சுக்காதா?"

"முருகன் எதுக்குக் கோவிச்சுக்கறாரு? நாளைக்கு வாங்க."

அடுத்த நாளிலிருந்து ஒரு சட்டிப் பால் காய்ச்சினார். வீட்டுப் பின்னால் காய்த்த வாழைத்தாரைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்பக்கம் வந்து, கோயில் பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக் குடித்தார்கள். கல்மலைத் தூசியும் பனியும் சேர்ந்து வெயிலை மஞ்சளாகக் காட்டும் நேரம் அது. அந்த வெளிச்சத்தில் அவர்களைப் பார்க்க எனக்கும் கனவு மாதிரிதான் இருந்தது.

வியாழன் காலையில் ரஸ்னா பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போலக் கேட்டாள். அக்கா சொன்ன கனவு இது: மலையிலிருந்து பனி இறங்கித் திடல் முழுக்கப் பாலாக நிறைந்துவிட்டது. பிள்ளைகள் முழங்கால் அளவு பாலில் அணிவகுத்து நடக்கிறார்கள். ஒருவர் சட்டையிலும் ஒரு சொட்டு தெறிக்கவில்லை.

ரஸ்னாவின் உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் பலன் சொன்னாள். "பால் நல்லதுதான் ஆண்டி. ஆனா நீங்க சீனி போட மறந்துட்டீங்க. அதான் யாரும் குடிக்கல."

"போடி வாயாடி," என்றார் அக்கா.

அன்று வெயில் கொஞ்சம் அதிகம். பயிற்சிக்கு நடுவில் ரஸ்னாவுக்குக் கண் இருட்டியது. துளசி டீச்சர் அவளை மரத்தடியில் உட்காரவைத்து, சட்டை நனையும் அளவுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, அவள் அத்தாவுக்குப் போன் பண்ண அலுவலகத்துக்குப் போனார். அந்த நேரத்தில்தான் தினேஸ்வரி ஓடிப்போய், தனக்கென்று வைத்திருந்த பாலையும் பழத்தையும் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள்.

"இது குடிக்கலாம் ரஸ்னா. விரதம் கெடாது. புஷ்பா ஆண்டிதான் சொன்னாங்க."

புஷ்பா ஆண்டி சொன்னால் ரஸ்னாவுக்கு வேறு பேச்சில்லை. குடித்துவிட்டாள். பழத்தில் பாதியையும் தின்றுவிட்டாள். அப்புறம்தான் நினைவு வந்தது. அத்தா தண்ணீர்கூடக் கூடாது என்றாரே!

நான் கழிவறைப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தேன். சுவரோரம் இரண்டு பிள்ளைகளும் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்தேன். "என் நோன்பு போச்சு. அத்தா என்னை மாத்திடுவாங்க," என்று ரஸ்னா விக்கினாள்.  தினேஸ்வரி கையில் மிச்சப் பழம் இருந்தது.

அக்கா வந்து விஷயத்தைக் கேட்டார். அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது. இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அதற்குள் ஷரபுதீன் அண்ணன் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளி விட்டதும் அக்கா என்னிடம் வந்தார். "மங்களம், உன் மோட்டார்ல என்னை அந்தக் கடையில எறக்கிவிடு. புள்ளைங்க மேல பழி விழக்கூடாது."

கடையில் அசர் தொழுகை நேரத்து அமைதி. மேசைகள் காலியாக இருந்தன. பின்பக்கம் பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கும் வாசனை வந்தது. ரஸ்னா கல்லாவுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவள் சொல்லியிருந்தாள் என்பது அண்ணன் முகத்திலேயே தெரிந்தது. அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஏன்க்கா, இந்த நாட்டுலதானே பொறந்தீங்க? புவாசான்னா தண்ணிகூட இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணே. நான் ரஸ்னாவுக்குச் சொல்லல. மத்தப் புள்ளைங்களுக்குச் சொன்னது, இவகிட்ட வந்து சேந்திருச்சு. தப்பு என்னோடதுதான்."

"மத்தப் புள்ளைங்களுக்கு எதுக்கு அந்தப் பேச்சு?"

"அவங்களும் புவாசா அண்ணே."

"யாரு?"

"உங்க மக கிளாசு பூரா. திங்கக்கிழமையிலேர்ந்து. இவ ஒத்தையில பசியா இருக்கக்கூடாதுன்னு. பச்சைப் புள்ளைங்க மயங்கி விழுந்துடுமோன்னு நான்தான் பால் பழம் குடுத்தேன்."

அண்ணன் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரஸ்னா மெல்லத் திரும்பினாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

"அந்தத் தினேஸ்வரியா?"

"அவதான் ஆரம்பிச்சது."

"ஷர்வினுமா?"

"ஷர்வினுந்தான்."

"அலாமா! அவன் நம்ம கடைக்கு வந்தா நாலு ரொட்டி சானாய் தின்னுட்டு, அஞ்சாவதுக்கு அம்மா மூஞ்சியைப் பாப்பான்லா!" அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று திரும்பி, அதே மேசைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகள் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"தெரியாமக் குடிச்சதை அல்லாஹ் குத்தமா எடுத்துக்க மாட்டான்மா. அவனே குடுத்ததுன்னு வச்சுக்க. நீ இன்னும் சின்னப் புள்ள. பாங்கு சொல்ல இன்னும் நேரம் கெடக்கு. அது வரைக்கும் இருக்கியா?"

ரஸ்னா தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பெருநாள் கழிச்சு அந்த மலாய் ஸ்கூலுக்குப் போணுமா அத்தா?"

 அண்ணன் எழுந்து போய்க் கஞ்சியைக் கிண்டினார். எங்களை வழியனுப்பும்போது அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"நோன்பு பிடிச்ச புள்ளைங்களுக்கு நோன்பு தெறக்கக் குடுக்கணும்ல. நாளைக்குச் சாயங்காலம் ஸ்கூலுக்குக் கஞ்சி கொண்டாரேன். கறி போடலாமா?"

"வேணாம் அண்ணே, வெள்ளிக்கிழமை. பாதி வீட்டுல சைவம்."

"அப்ப காய்கறிக் கஞ்சி," என்றார்.

அக்கா வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கந்தா, கந்தா என்று உதடு மட்டும் அசைந்தது.

வெள்ளி மாலை. வெயில் மலைக்குப் பின்னால் போய், திடல் முழுக்க மங்கிய ஊதா நிறமாக இருந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. துளசி டீச்சர் புல்லில் பாய் விரித்தார். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பெற்றோரோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஷரபுதீன் அண்ணன் அண்டாவை இறக்கினார். ரஸ்னாவின் தம்பி ஸைஃபுல் எல்லார் முன்னாலும் ஒரு பேரீச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்தான். ஷர்வின் தன் பழத்தை முகர்ந்து முகர்ந்து பார்த்தான்.

"டேய், மீசையில மைலோ ஒட்டியிருக்கு," என்றாள் தினேஸ்வரி.

"அது காலையில குடிச்சது!"

"காலையில குடிச்சது இன்னும் ஈரமா இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். தினேஸ்வரி மட்டும் உடனே தலையைக் குனிந்துகொண்டாள். ரஸ்னாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் பாயின் ஓரத்தில் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்திருந்தாள்.

பக்கத்துத் தொழுகைக்கூடமான சூராவிலிருந்து பாங்கு கேட்டது. அது பனிக்குள்ளே நடந்து வருவது போல மெதுவாக வந்தது. அக்கா தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ரஸ்னா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். முழு நோன்பு. பிறகு எழுந்து, பாயின் ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"குடு."

"என்னது?"

"பின்னால வச்சிருக்கியே, அதான். இப்ப சாப்பிடலாம்."

தினேஸ்வரி வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் பாதிப் பாதி தின்றார்கள்.

அண்ணன் கஞ்சி ஊற்றிக்கொண்டே அக்காவிடம் வந்தார். அகப்பையை ஆட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார். "ஏன்க்கா, ஒண்ணாம் ஆண்டுக்கு எப்பப் பேரு பதியணும்? ஸைஃபுலுக்கும் வயசு வந்திருச்சு. அக்காவும் தம்பியும் ஒரே ஸ்கூலுன்னா எனக்கும் ஓர் அலைச்சல் மிச்சம்லா."

 அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குள் ரஸ்னா ஓடிவந்து அவர் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆண்டி, இங்க பாருங்க, திடல் பூரா பனி! உங்க கனவு மாதிரியே!"

அக்கா திரும்பிப் பார்த்தார். பிள்ளைகளின் முழங்கால் அளவுக்குப் பனி வந்திருந்தது.

"பாத்தேன், பாத்தேன். மொதல்ல உக்காந்து கஞ்சியக் குடி. ஆறுது."