கொக்கி நின்ற இடம்

வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருவர் திரும்பி வரவில்லை. அவரை எதுவரைக்கும் 'காணோம்' என்று சொல்லலாம், எப்போதிலிருந்து 'இல்லை' என்று சொல்ல வேண்டும்? மலையக்காவின் கதையை முதலில் கேட்டபோது எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

மலை என்று எல்லாரும் சொன்னது குப்பை மேட்டை. ஊர் தூக்கி எறிந்ததை லாரிகள் ஒரே இடத்தில் கொட்டிக் கொட்டி, கடைசியில் அது பக்கத்து மாடி வீடுகளின் தலைக்கு மேல் எழுந்துவிட்டது. மேலே பருந்து, கீழே நாய், நடுவில் மனிதர்கள். அந்த மனிதர்களில் மலையக்காவும் அவருடைய தம்பியும் இருந்தார்கள். பாட்டில், தகரம், செம்புக் கம்பி, அட்டை என்று பொறுக்கி விற்றுத்தான் இரண்டு பேரும் வளர்ந்தார்கள்.

மேட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொக்கி இருக்கும். முனை வளைந்த இரும்புக் கம்பி, பிடிக்கும் இடத்தில் துணிச் சுற்று. துணியின் நிறத்தைப் பார்த்தே இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். தண்ணீர் குடிக்கவோ ஒதுங்கவோ போகிறவர், தான் கிளறிக்கொண்டிருந்த இடத்தில் கொக்கியைக் குத்தி நிறுத்திவிட்டுப் போவார். அது நிற்கும்வரை அந்த இடம் அவருடையது. ஒரு பாட்டிலுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற ஆட்கள்கூட, நிற்கிற கொக்கியைச் சுற்றி விலகித்தான் நடப்பார்கள். அடுத்தவர் கொக்கியைப் பிடுங்க ஒரே ஒரு சமயத்தில்தான் அனுமதி. சொந்தக்காரர் செத்துப்போனால் அவருடைய வீட்டார் வந்து பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

தம்பியின் பட்டப்பெயர் வாத்து. மேட்டில் செருப்பு எப்போதும் ஒற்றையாகத்தான் கிடைக்கும். அவனுக்கு வலது காலில் தடித்த பழுப்புச் செருப்பு, இடது காலில் தேய்ந்த பச்சைச் செருப்பு. ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் ஆடி ஆடி வருவான்.

"டேய் வாத்து, ரெண்டு காலும் ஒரே எடத்துக்குத்தான் போகுதா?" என்று கேட்பார்கள்.

"வலது முன்னாடி போய் எடம் பிடிக்கும். இடது பின்னாடி வந்து உக்காரும்," என்பான்.

அவனுக்குக் கல்யாணம் ஆனதும் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். ஒருநாள் காலை, மேட்டில் கிடைத்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். மூலையில் விரிசல், மற்றபடி நல்ல கண்ணாடி. மனைவிக்கு முகம் சுருங்கிப் போனது.

"குப்பையில கெடந்ததை எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நானும் அங்க இருந்துதானே வர்றேன். அப்ப என்னையும் வெளியவே விட்டுடு," என்று சொல்லிவிட்டு, கொக்கியை எடுத்துக்கொண்டு போனான். சிரித்துக்கொண்டு சொன்னானா, கோபமாகச் சொன்னானா என்பதில் இரண்டு பெண்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

மழை விடாமல் பெய்திருந்த காலம். ஊறிப்போன மேடு அன்று மத்தியானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ மூச்சு விட்டது போல இருந்தது என்பார் மலையக்கா. மறுபக்கத்தில் நின்றதால் அவர் தப்பினார். சரிந்த மண், மேட்டின் அடிவாரத்தையும், அங்கே இருந்த நீலத் தண்ணீர் டிரம்மையும், வாசல் கேட்டையும் மூடிவிட்டது. சிலரை உயிரோடு எடுத்தார்கள். சிலரை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். பிறகு, இன்னும் சரியும் என்று பயந்து தோண்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

தம்பி ஒருவன்தான் கிடைக்கவில்லை. அவன் கொக்கி மட்டும், சரியாமல் மிஞ்சிய உச்சியில், சிவப்புத் துணியோடு நேராக நின்றுகொண்டிருந்தது.

கொக்கி நின்றால் ஆள் அங்கே இல்லை, இறங்கிப் போயிருக்கிறார் என்று அர்த்தம். தண்ணீர் குடிக்கப் போயிருந்தால் டிரம்மோடு மண்ணுக்குள் போயிருப்பான். கோபத்தில் கேட்டைத் தாண்டி நடந்திருந்தால் தப்பியிருப்பான். டிரம்முக்கும் கேட்டுக்கும் ஒரே வழிதான்.

தேடுவதை நிறுத்திய அன்று மலையக்கா மேலே ஏறிப் போய்க் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். தம்பி மனைவி அறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

"பிடுங்கிட்டீங்களா?" என்றாள். கொக்கி கதவுக்குப் பின்னால் போனது. அதற்கப்புறம் அந்த அறையில் அவன் இரண்டு விதமாக வாழ்ந்தான். அக்காவுக்கு மண்ணுக்கு அடியில், மனைவிக்கு ஏதோ ஒரு தெருவில். சுவரில் அந்தக் கண்ணாடி அப்படியே தொங்கியது. துடைக்கிறவள் தம்பி மனைவிதான். ஆனால் அதில் முகம் பார்க்க மாட்டாள்.

அந்த விபத்துக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அங்கே வந்தது. நடத்துகிறவர் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர், எல்லாருக்கும் டீச்சர். மேட்டு ஆட்களுக்குக் கையுறையும் மேல்கோட்டும் கொடுத்தார், வீடு வீடாக அனுப்பினார். மக்குவது ஒரு கூடை, மக்காதது ஒரு கூடை என்று மலையக்கா தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். முதலில் கதவைப் பாதி திறந்து பேசியவர்கள் போகப் போக முழுசாகத் திறந்தார்கள். "இந்தா வந்துட்டாங்க, நம்ம குப்பைக்கு மாமியார்," என்று கிண்டல் செய்தபடியே பிரித்துப் போட்டார்கள்.

மேட்டுக்கு லாரி வருவது குறைந்ததும், மேட்டையே தோண்டிச் சலித்துத் தரையாக்க அனுமதி கிடைத்தது. பொக்லைன் அள்ளிப் போடும், பெரிய சல்லடை உருளை சுற்றும், மண் கீழே உதிரும், மிச்சமெல்லாம் பெல்ட்டில் ஓடிவரும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று பிரிப்பவர்களில் மலையக்கா முதல் ஆள். அவர் கேட்டு வாங்கிய இடம் அது.

பெல்ட்டில் ஓடிவந்ததைப் பார்த்து முதல் வாரத்தில் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்றம் பழகியதுதான். அவர்களைக் கலக்கியது, எதுவும் மக்கிப் போகாமல் இருந்ததுதான். உறை பிரிக்காத ரொட்டி, மேலே கறுத்திருந்தாலும் ரொட்டியாகவே வந்தது. ஒரு கண் மூடிய பொம்மை, மறு கண்ணைத் திறந்தபடி வந்தது. செய்தித்தாள் எழுத்து அழியாமல் வந்தது.

டீச்சர் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவருவார். பாடம் சொல்வது மலையக்கா.

"அக்கா, பேப்பர் மக்கிடும்னு புத்தகத்துல போட்டிருக்கே?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"காத்தும் தண்ணியும் பட்டா மக்கும் கண்ணு. மேல மேல போட்டு மூச்சு முட்ட அமுக்கி வெச்சா எப்படி மக்கும்? தூக்கிப் போட்டாச்சுன்னு நாமதான் நெனைக்கிறோம். அது எங்கயும் போகலை. இங்கயே உக்காந்துகிட்டு இருக்கு."

இதைச் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு நினைப்பு வரும். எழுத்தே அழியவில்லை என்றால் முகம்? அந்த நினைப்பு வந்துவிட்டால், ஓடிவருகிற பெல்ட்டைப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது.

செருப்புகளை அவர் தனிக் கூடையில் போட்டார். உணவு நேரத்தில் தரையில் பரப்பி, வலது பழுப்பும் இடது பச்சையும் சேர்கிறதா என்று பார்ப்பார். பொக்லைன் ஓட்டுநர் வெளியிலிருந்து புதிதாக வந்தவர்.

"என்னக்கா, செருப்புக் கடை போடப் போறீங்களா? எனக்கு ஒரு ஜோடி எடுத்து வைங்க," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவரைத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு, மண்ணில் ஒரு செருப்பு தலைகாட்டினாலும் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு மலையக்காவைக் கூப்பிடுவார். பழுப்பும் கிடைத்தன, பச்சையும் கிடைத்தன. இதுதான் அவனுடையது என்று கையில் அடித்துச் சொல்ல ஒன்றுகூட இல்லை. மேட்டில் யார்தான் ஜோடியாகப் போட்டார்கள்?

அந்தச் சமயத்தில்தான் தம்பி மனைவியின் அண்ணன் வந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

"செத்துட்டாருன்னா சொல்லுங்க, என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போய் வேற வாழ்க்கை பார்க்கறோம். ஓடிட்டாருன்னா அதையாவது சொல்லுங்க, தலை முழுகிட்டு வேற வாழ்க்கை பார்க்கறோம். ரெண்டும் இல்லாம இப்படி நடுவுல நிக்க வெச்சா எப்படிங்க?"

"யாரும் என்னை நிக்க வெக்கலண்ணே," என்றாள் அவள். "அவரு வந்து சொல்லட்டும். இல்ல, அந்த மண்ணு சொல்லட்டும்."

அண்ணன் போன பிறகு மலையக்காவிடம் முகம் கொடுக்காமல் கேட்டாள். "டிரம் இருந்த எடத்தை எப்போ தோண்டுவாங்க?"

அந்த இடத்தின் முறை கடைசியில்தான் வந்தது. அன்று அவளும் வந்து நின்றாள். நீலம் கண்ணில் பட்டதுமே ஓட்டுநர் வண்டியை அணைத்தார். டீச்சர் எல்லாரையும் கையால் தோண்டச் சொன்னார். பழைய ஆட்கள் தங்கள் தங்கள் கொக்கிகளை எடுத்துவந்தார்கள். குழந்தை தூங்குகிற பாயைச் சுருட்டுவது போல மெதுவாக மண்ணை இழுத்தார்கள். டிரம் தட்டையாகிப் போயிருந்தது. கம்பியில் கட்டிய டம்ளர் அதோடு அப்படியே இருந்தது. டிரம்மைப் புரட்டினார்கள். அடியில் தரை. குப்பை விழுவதற்கு முன்பிருந்த, கால்கள் மிதித்து இறுகிய தரை. சுற்றிலும் கேட் வரைக்கும் தோண்டினார்கள். சந்தேகப்பட்ட எலும்புகளை எல்லாம் டீச்சர் மருத்துவமனைக்கு அனுப்பினார். அத்தனையும் ஆடு, மாடு.

அவன் அங்கே இல்லை.

"நான்தானே ஓடிட்டாருன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றாள் தம்பி மனைவி. "நான் சொன்னதுதான் நெஜம் போல. அப்புறம் ஏன்க்கா எனக்குச் சந்தோஷமா இல்ல?"

தம்பி மண்ணுக்குள் இருக்கிறான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மலையக்கா இத்தனை வருடம் பெல்ட் பக்கத்தில் நின்றிருந்தார். இப்போது பிடிக்க ஒன்றும் இல்லை. அவர் அறைக்குப் போய், கதவுக்குப் பின்னாலிருந்து கொக்கியை எடுத்துவந்தார். சிவப்புத் துணி வெளுத்து, பல் ஈறு போன்ற நிறத்துக்கு வந்திருந்தது. தம்பி நின்ற உச்சி இப்போது இல்லை. அந்த உச்சிக்கு நேர் கீழே எது என்று பழைய ஆட்கள் பார்த்துச் சொன்னார்கள். அங்கே தரையில் கொக்கியைக் குத்தி நிறுத்தினார்.

"அன்னிக்கு நான் பிடுங்கியிருக்கக் கூடாது," என்றார். "செத்தான்னு தெரியாம செத்தவன் ஆக்கிட்டேன்."

தம்பி மனைவி கொக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் சாய்ந்தது. ஆட்கள் கலைந்து போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"வா இவளே, போகலாம்," என்றார் மலையக்கா.

"நான் வந்துட்டா இங்க யாரு இருக்கறது?"

"கொக்கி எதுக்கு நடறாங்க? ஆளு இல்லாத நேரத்துல அது நிக்கணும்னுதான். எடத்தை அது பார்த்துக்கும். மேட்டுல எவன் கொக்கியாவது நின்னா, மத்தவங்க வேலையை விட்டுட்டுச் சுத்தி உக்காந்தா இருந்தோம்? அவங்கவங்க பாட்டைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்? காத்திருக்கறது அதோட வேலை. உன் வேலை இல்ல."

அவள் கையை நீட்டினாள். மலையக்கா பிடித்துத் தூக்கிவிட்டார்.

கொஞ்ச நாளில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது சுவரிலிருந்த கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். "வந்தா நான் எங்க இருக்கேன்னு சொல்லுங்க," என்றாள். "சொல்லலைன்னாலும் பரவாயில்ல," என்றும் சொன்னாள்.

இப்போது அங்கே மேடு இல்லை. உரக்குழிகளும், பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் கேட்கத் தகரக் கூரை போட்ட கொட்டகையும் இருக்கின்றன. தரையைச் சமன் செய்தபோது ஓட்டுநர் கொக்கியைச் சுற்றி வளைத்துத்தான் வண்டியை ஓட்டினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. காற்று அடிக்கும்போது கொக்கி லேசாக ஆடும். மலையக்கா பேச்சை நிறுத்திவிட்டு, கேட் பக்கம் ஒரு தரம் பார்ப்பார். ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் யாரோ நடந்து வருகிற சத்தம் அவருக்குக் கேட்கும் என்கிறார்.

வருகிற பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். "அக்கா, இந்தக் கம்பி ஏன் நடுவுல நிக்குது?"

"ஒருத்தர் தண்ணி குடிக்கப் போயிருக்காரு கண்ணு. தள்ளி நடங்க."

நான் முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இந்தக் கதையைப் படித்தவர்கள் இதை இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள். அவரும் இன்னொருவருக்குச் சொல்லட்டும். சொல்லிச் சொல்லிப் போகும் வழியில், ஜோடி சேராத செருப்போடு ஆடி ஆடி நடக்கிற ஒருவர் காதில் அது விழலாம். விழுந்தால் அவருக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: கொக்கியை மறுபடியும் நட்டாகிவிட்டது. உங்கள் இடத்தை யாரும் தொடவில்லை.