கை போச்சு வழக்கு

“இழந்த கை எங்கே ஐயா? எனக்கு இரண்டு கையும் தெரிகிறதே! இரண்டிலும் வளையல் வேறு இருக்கிறது.”

கார் கம்பெனியின் வக்கீலம்மா இங்கிலீஷில் இப்படிக் கேட்டதும் நுகர்வோர் ஆணையத்தின் அறையில் சிரிப்பு கிளம்பியது. எங்கள் கட்சிக்காரர் செல்விக்கு இங்கிலீஷ் தெரியாது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்துவைத்தார். பக்கத்தில் நின்ற நான் அவசரமாக மனுவைப் புரட்டினேன்.

பெங்களூரில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஏதாவது கேஸ் சொல்லச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

1. டிக்கி ஷாக்

செல்விக்கு ஹெப்பகோடியில் சின்ன பியூட்டி பார்லர். முகூர்த்த நாட்களில் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கும் போவார். அதற்காகவே அவரும் கணவர் சேகரும் லோன் போட்டுப் புதுக் கார் வாங்கினார்கள். ஒருநாள் மணப்பெண் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்து பெட்டியை எடுக்கும்போது, மேலே நின்ற கதவு தடாலென்று இறங்கி வலது கட்டைவிரலை நசுக்கிவிட்டது.

டிக்கிக் கதவைத் தாங்கிப் பிடிக்கும் ராடை ஒர்க்‌ஷாப்பில் டிக்கி ஷாக் என்பார்கள். உள்ளே அடைத்திருக்கும் கேஸ் கசிந்துவிட்டால் கதவு நிற்காது. சர்வீஸ் சென்டரில் ராடை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, “நீங்க கதவ பிடிச்சி தொங்கியிருப்பீங்க மேடம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விரலை விரிக்கும் நரம்பு அறுந்திருந்தது. ஆபரேஷன் செய்தால் விரல் திரும்பக் கிடைக்கும், ரொம்பத் தள்ளிப்போட்டால் இறுகிவிடும் என்றார் டாக்டர். லோன் கட்டுவதா, ஆபரேஷன் செய்வதா என்ற நிலையில்தான் இருவரும் எங்கள் ஆபீஸ் படியேறினார்கள்.

என் பாஸ் ராமண்ணா கன்னடக்காரர். தமிழர்கள் நிறைந்த சிவாஜி நகரில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

“பழைய ஷாக் எல்லி ரீ, எங்க இருக்கு? அது இல்லாம கம்பெனிமேல எப்படி கேஸ் போடறது?” என்றார்.

“வீட்ல இருக்கு சார்” என்றார் சேகர்.

பாஸ் நம்பவில்லை. “சர்வீஸ் சென்டர்ல குடுத்தாங்களா?”

“கேட்டு வாங்கினேன் சார். பழசக் கையில வாங்காம, மாத்திட்டாங்கன்னு எப்படி நம்பறது? மாடில வச்சிருக்கேன். கொரங்கு வந்தா தொரத்தறதுக்கு.”

மாற்றிய சாமானைக் கேட்டு வாங்கி வீட்டில் சேர்த்து வைக்கும் நம் ஜனங்களின் சந்தேக புத்திக்கு அன்றைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆணையம் அந்த ராடை லேபுக்கு அனுப்பியது. உள்ளே இருக்கும் சீல் தயாரிப்பிலேயே கோணல் என்று ரிப்போர்ட் வந்தது. குரங்குகளுக்குத்தான் கொஞ்சம் சௌகரியமாகப் போயிருக்கும்.

2. இரண்டு பாஷைக்காரர்கள்

முதல் நாள் பாஸ், “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டதற்குச் செல்வி சொன்ன பதில் ஒன்றுதான். “கை போச்சு சார்.”

நமக்கு இது தினப்படி பேச்சு. பாத்திரம் தேய்த்தாலும் கை போச்சு, மாவு பிசைந்தாலும் கை போச்சு. கன்னடத்திலும் அப்படியே, “கை ஹோய்து.” அதனால் பாஸ் கொஞ்சமும் யோசிக்காமல், இந்த விபத்தில் மனுதாரர் தன் வலது கையை இழந்தார் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். நானும் டைப் அடித்துக்கொண்டே போனேன். எங்கள் இருவர் காதுக்கும் அது சரியாகவே பட்டது. டெல்லியிலிருந்து வந்த வக்கீலம்மா காதுக்குத்தான் படவில்லை.

3. நூல்

“இல்லாத காயத்தைச் சொல்கிறவர்கள் மற்றதை எல்லாம் உண்மையாகவா சொல்லியிருப்பார்கள்?” என்று வக்கீலம்மா விடாமல் பிடித்தார். லேப் ரிப்போர்ட் எங்கள் பக்கம்தான். ஆனால் காயமே பொய் என்றாகிவிட்டால் ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது? பாஸ் கோட்டு பட்டனைத் திருகிக்கொண்டு நின்றார்.

ஆணையத் தலைவர் மனுவைப் படித்தார். செல்வியைப் பார்த்தார். கன்னடத்தில் கேட்டார்: “ஏனம்மா, கை ஹோய்தா?”

“ஹூம் சார், கை ஹோய்து” என்றார் செல்வி, பார்லரில் பழகிய கன்னடத்தில்.

தலைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வக்கீலம்மா பக்கம் திரும்பி, “எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் எல்லோருக்கும் கை போய்விடும், காலும் போய்விடும். காலையில் திரும்பி வந்துவிடும்” என்று இங்கிலீஷில் விளக்கினார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “சரி, இந்தக் கையிலிருந்து போனது என்ன?” என்று கேட்டார்.

அதைச் செல்விக்கு நான் தமிழில் சொன்னேன். செல்வி கைப்பையைத் திறந்து, பார்லரில் புருவம் திருத்தும் நூல்கண்டை எடுத்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் நூலை முறுக்கிப் பிடித்து, விரலை விரித்தார். வலது கட்டைவிரல் விரியவில்லை. நூல் நழுவி மேஜையில் விழுந்தது. எடுத்து மறுபடியும் முறுக்கினார். மறுபடியும் விழுந்தது.

“மேடம் புருவம் அழகா இருக்கு” என்றார் செல்வி, வக்கீலம்மாவைப் பார்த்து. “யாரோ நல்ல கைக்காரி பண்ணியிருக்கா. நானும் அப்படித்தான் பண்ணிட்டிருந்தேன். அதுதான் போச்சு.”

இதை நான் இங்கிலீஷில் சொன்னேன். வக்கீலம்மாவின் கை தானாகப் புருவத்துக்குப் போனது. பிறகு அவர், கம்பெனியிடம் பேச அவகாசம் வேண்டும் என்று கேட்டார். அடுத்த வாய்தாவில் ஆபரேஷன் செலவையும், வேலை கெட்ட நாட்களுக்கான இழப்பீட்டையும் கொடுக்கச் சம்மதித்தார்கள். வெளியே வந்ததும் வக்கீலம்மாவே செல்வியிடம் வந்து, “ஜல்தி டீக் ஹோ ஜாவ்”, சீக்கிரம் குணமாகணும், என்று இந்தியில் சொல்லிக் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு, அடிபட்டு வருகிற கட்சிக்காரர் யாரானாலும் நான் முதலில் கேட்பது, “என்ன வேலை செய்ய முடியல?” என்பதுதான். வலியை மொழிபெயர்க்கப் போனால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். நின்றுபோன வேலையை எழுதிவிட்டால் எந்த ஊர் வக்கீலுக்கும் புரியும். நான் கற்ற பாடம் அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் செல்விக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். பின்னால் ஒரே பெண்கள் சத்தம், யாரோ டோக்கன் கேட்டுக் கத்துகிறார்கள்.

“ஆபரேஷன் பண்ணின கை எப்படிம்மா இருக்கு?” என்றேன்.

“ஐயோ, அத ஏண்ணா கேக்கறீங்க! காலையிலருந்து உக்காரல, கடை நெறைய கூட்டம். கை போச்சு!” என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.